பொன் பாவையும் மண் பாவையும்: 'தமிழ் ஹாலோவீன்' என்ற ஒப்பீட்டைப் பற்றி

அக்டோபர் மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் ரெண்டு விஷயம் தவறாமல் நடக்கிறது. ஒன்று, சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கத்து அபார்ட்மெண்ட்களில் பிளாஸ்டிக் பூசணிக்காய் தொங்க ஆரம்பிக்கும். பிள்ளைகள் எலும்புக்கூடு படம் போட்ட சட்டையோடு வீடு வீடாகப் போய்ச் சாக்லேட் வாங்கும். இன்னொன்று, வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். வார்த்தைகள் வருஷா வருஷம் மாறினாலும் உள்ளடக்கம் ஒன்றுதான். "ஹாலோவீன் என்பது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கெல்டிக் மக்களின் பண்டிகை, அதைச் சர்ச் எடுத்துக்கொண்டது. நம்மிடமும் அதே இருக்கிறது. மயானக் கொள்ளைதான் தமிழ் ஹாலோவீன். ஆனைமலை மாசாணியம்மன் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறாள். ஆகவே நம்முடையதுதான் பழசு."

இதற்கு எதிர்ச் செய்தியும் உடனே வரும். "அது வெளிநாட்டுப் பேய்க் கூத்து, நம்மது தெய்வ வழிபாடு. ரெண்டையும் ஒப்பிடுவதே பாவம்."

ரெண்டு செய்தியிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். மூலக்கதை சொல்கிற பழக்கத்தைப் பற்றிய விமரிசனம் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்தியில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன: ஹாலோவீனின் கெல்டிக் மூலம், மயான பூஜையோடு அதன் ஒற்றுமை, மாசாணி–நன்னன் தொடர்பு. சாஃப்ட்வேரில் ஒரு பிழையைத் தேடும்போது லாகைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவோம். எந்த வரி வரைக்கும் பதிவு இருக்கிறது, எந்த இடத்தில் யாரோ ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். இங்கேயும் அதையே செய்யலாம்.

முதல் கண்ணி: சம்ஹைன்

ஹாலோவீன் என்ற சொல்லுக்கே 'சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு' என்றுதான் பொருள். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். நவம்பர் 2 இறந்த எல்லோருக்குமான நாள். அந்த ரெண்டாம் நாளைப் பத்தாம் நூற்றாண்டின் முடிவில், பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ தன் மடங்களில் ஏற்படுத்தினார். அங்கிருந்து அது பரவியது. இது வரைக்கும் எழுத்துப் பதிவு இருக்கிறது.

அதற்கும் பின்னால் போனால் அயர்லாந்தின் சம்ஹைன் வருகிறது. இடைக்கால ஐரிஷ் கதைகளில் சம்ஹைன் என்பது குளிர்காலம் தொடங்கும் நாள். மன்னர்கள் கூடுவார்கள், விருந்து நடக்கும், வேற்றுலகத்தவர் வந்து தொல்லை கொடுப்பார்கள். ஆனால் இந்தக் கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், அதுவும் அயர்லாந்து கிறிஸ்தவ நாடாகிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அதற்கு முந்தைய காலத்தில் அந்த இரவில் இறந்தவர்களை வழிபட்டார்கள் என்று சொல்ல அந்தக் காலத்து எழுத்து எதுவும் இல்லை. 'கெல்டிக் புத்தாண்டு' என்ற பெயரை 1886-இல் ஜான் ரீஸ் என்ற வேல்ஸ் அறிஞர் தன் சொற்பொழிவுகளில் பிரபலமாக்கினார். 1890-இல் தன் 'தங்கக் கிளை' நூலை வெளியிடத் தொடங்கிய ஜேம்ஸ் ஃப்ரேசர், பின்வந்த பதிப்புகளில் இதை இறந்தவர்களின் பண்டிகை என்று விரித்தார். நமக்கு வாட்ஸப்பில் வருகிற 'ரெண்டாயிரம் வருஷ' வரலாற்றுக்கு நூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பது வயதுதான் ஆகிறது.

1996-இல் ரொனால்ட் ஹட்டன் எழுதிய 'தி ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி சன்' இந்தக் கண்ணியை நிதானமாகக் கழற்றிப் பார்த்த நூல். எனக்குப் பிடித்த வாதம் ஒன்று அதில் இருக்கிறது. சம்ஹைனை மூடி மறைக்கத்தான் சர்ச் நவம்பர் 1-ஐத் தேர்ந்தெடுத்தது என்றால், அந்தத் தேதி முதலில் அயர்லாந்தில் அல்லவா வந்திருக்க வேண்டும்? கிட்டத்தட்ட 800-ஐ ஒட்டிய ஐரிஷ் புனிதர் பட்டியலில் இந்தத் திருநாள் ஏப்ரல் 20-இல் இருக்கிறது. ரோமில் அதற்கு முன் மே 13. நவம்பர் 1 என்ற தேதி அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

இதனால் ஹாலோவீன் முழுக்கப் பொய் என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமங்களில் அந்த இரவில் குறி பார்த்தார்கள், வேஷம் கட்டினார்கள், கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் அந்த வழக்கங்களைப் பற்றியே ஒரு நீண்ட பாட்டு எழுதினார். 1840-களின் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்களோடு வழக்கமும் கப்பலேறியது; கிழங்கின் இடத்துக்கு அந்த ஊர்ப் பூசணி வந்தது. சில நூறு ஆண்டுக்கால நாட்டார் வழக்கம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ரெண்டாயிரம் ஆண்டு என்பதற்குத்தான் இல்லை.

ஆக, நம்முடையதை எதோடு ஒப்பிட்டுப் பழமையை நிரூபிக்கப் பார்க்கிறோமோ, அதன் பழமையே பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஊகம்.

ரெண்டாம் கண்ணி: பருவமும் பேயும்

ஹாலோவீனுக்குப் பின்னால் ஒரு புவியியல் காரணம் உண்டு. டப்ளின் 53 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே கோடையின் நீண்ட பகல் 17 மணி நேரம், குளிர்காலத்தின் குறுகிய பகல் ஏழரை மணி நேரம். அக்டோபர் முடிகிறபோது இருட்டு ஊருக்குள் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியும். மாடுகளை மேய்ச்சலிலிருந்து இறக்கி, அறுப்பை முடித்து, கதவைச் சாத்துகிற காலம். பயப்படக் காரணம் இருக்கிறது.

கோயம்புத்தூர் 11 டிகிரி. நம் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடைவெளி சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஐப்பசியில் நமக்கு இருட்டு வருவதில்லை, மழை வருகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரிக் காட்டில் சோளமும் கொள்ளும் விதைத்திருக்கிற நேரம் அது. முடிவின் பருவம் அல்ல, தொடக்கத்தின் பருவம்.

அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்கு நாம் எதுவுமே செய்வதில்லையா என்றால், நிறையவே செய்கிறோம். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்குப் பேரூர் நொய்யல் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. பேரூர் தலத்தின் அதிசயங்கள் என்று சொல்லப்படுகிற ஐந்தில் ரெண்டு சாவைப் பற்றியவை: இங்கே சாகிறவர்களின் வலது காது மேல் பார்த்து இருக்கும், ஆற்றில் இட்ட எலும்பு கல்லாகும். ஐப்பசி தீபாவளியன்று பல வீடுகளில் புதுத்துணியைப் பெரியவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் உடுத்துவார்கள். வடக்கே, கிழக்கே இன்னும் வெளிப்படையாக, வந்துபோன முன்னோர் திரும்பிச் செல்ல வழி தெரிவதற்காகத் தீபாவளி இரவில் தீப்பந்தம் காட்டுகிற வழக்கம் இருக்கிறது. ஒடிசாவில் சணல் குச்சிகளைக் கொளுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் விட நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கோவைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்று கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகின்றன. ஹாலோவீனுடைய நேரடி ரத்த உறவு நம் ஊரில் எதுவென்றால் இதுதான். ஓடிலோ தொடங்கிவைத்த அதே நாள். 'தமிழ் ஹாலோவீன்' தேடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதுமே வியப்பு. இதில் பயமுறுத்தல் இல்லை, ஆகவே பகிர்வதற்குப் படம் கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

படம் கிடைப்பது வேறு இடத்தில். சிவராத்திரியை ஒட்டிக் கோவை சொக்கம்புதூர் மயானத்தில் நடக்கிற நள்ளிரவுப் பூஜை, எலும்பைக் கவ்விக்கொண்டு ஆடும் பூசாரி; வடமாவட்டங்களில் மேல்மலையனூர் அங்காளம்மனின் மயானக் கொள்ளை; ஆனைமலையில் தை மாதத்தில் ஆழியாற்றங்கரை மயான பூஜை. எல்லாமே தை, மாசி. ஹாலோவீனுக்கு மூன்று நான்கு மாதம் தள்ளி.

இங்கே ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேதி பொருந்தவில்லை, ஆனால் அமைப்பு பொருந்துகிறது. நமக்கு அறுப்பு முடிவது தையில். களத்துமேடு காலியாகி, கையில் நாலு காசும் நேரமும் இருக்கிற காலத்தில்தான் கொங்கில் பெரும்பாலான கோயில் சாட்டுகள் நடக்கின்றன. வேளாண்மை வேலை ஓய்ந்த இடைவெளியில் இறந்தவர்கள் பக்கம் திரும்புவது என்ற அளவில் அயர்லாந்துக்காரரும் ஆனைமலைக்காரரும் ஒரே மாதிரிதான். இது யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற கேள்வியே அல்ல. ரெண்டு பேரும் உழுது பிழைத்தவர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அமைப்பு பொருந்துவதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. யார் திரும்பி வருகிறார்கள் என்று கேட்டால் வேறுபாடு ஆரம்பிக்கிறது. ஹாலோவீன் பேய்க்குப் பெயர் கிடையாது. எலும்புக்கூடு யாருடைய எலும்புக்கூடு என்று யாரும் கேட்பதில்லை. கொங்கில் திரும்பி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அண்ணமார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பக்கத்தில் தங்கி இந்தக் கதையைப் பதிவு செய்தார், 1982-இல் 'தி திரீ ட்வின்ஸ்' என்று அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பொன்னரும் சங்கரும் களத்தில் சாகிறார்கள். வீரப்பூரில் மாசித் திருவிழாவின் படுகளத்தில் ஆட்கள் நிஜமாகவே பிணம்போல் விழுந்து கிடக்கிறார்கள், வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள், தங்கை தங்காளாக நிற்கும் பெண் தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். விழுந்தது யார், எந்தப் பகையில், எழுப்புகிற உரிமை யாருக்கு என்பதெல்லாம் அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

எதிர்ச் செய்திக்காரர்கள் சொல்கிற 'அது பேய், இது தெய்வம்' என்ற பிரிவினையும் இங்கே நிற்காது. நாட்டார் வழக்கில் வயசுக்கு முன் செத்தவர், கொலையுண்டவர், கன்னியாகப் போனவர் முதலில் பேய்தான். படையல் கொடுத்து, இடம் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தெய்வம். பேயாக இருந்ததை மறைத்தால் அவர்கள் எதற்காகத் தெய்வமானார்கள் என்பதே புரியாமல் போய்விடும்.

மூன்றாம் கண்ணி: நன்னன்

இப்போது நம் பக்கத்துக் கதை. அயர்லாந்துக்காரனிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும், இல்லையா?

ஆனைமலையில் சொல்கிற கதை இது. இந்தப் பகுதியை ஆண்ட நன்னனின் காவல் மரம் மாமரம். ஆற்றில் மிதந்து வந்த அதன் பழத்தை ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அதற்காக அவளுக்குக் கொலைத் தண்டனை. ஊர் கெஞ்சியது, அரசன் கேட்கவில்லை. அவளை மயானத்தில் கிடத்திய இடத்தில் அவளைப் போலவே ஓர் உருவம் செய்து கும்பிட்டார்கள். இன்றைக்கும் ஆழியாறும் உப்பாறும் சேரும் ஊரில் அம்மன் 17 அடி நீளத்தில் மல்லாந்து கிடக்கிறாள்.

சங்க இலக்கியத்தில் இருப்பது குறுந்தொகை 292, பரணர் பாட்டு. அதில் உள்ள செய்தி: குளிக்கப் போன பெண் தண்ணீர் கொண்டுவந்த காயைத் தின்றாள், அந்தத் தப்புக்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் கொடுத்தும் வாங்காமல் நன்னன் அவளைக் கொன்றான். குறுந்தொகை 73, அதுவும் பரணர்தான், நன்னனின் மாமரத்தைக் கோசர் வெட்டிவிட்டுப் போனதைச் சொல்கிறது. அதில் பெண் இல்லை. 292-இல் கோசர் இல்லை. ரெண்டையும் சேர்த்துக் 'கொலைக்குப் பழிவாங்க மரத்தை வெட்டினார்கள்' என்று ஒரே கதையாக்குவது நியாயமான வாசிப்புதான், ஆனால் அது வாசிப்பு.

ஊர்? ரெண்டு பாட்டிலும் ஆனைமலை இல்லை. சங்கப் பாடல்கள் நன்னனைக் கொண்கான நாட்டோடும் ஏழில் குன்றத்தோடும் சேர்த்துச் சொல்கின்றன. அந்த ஏழில் குன்றத்தை இன்றைய கண்ணூர் மாவட்டத்து ஏழிமலை என்று அடையாளம் காண்கிறார்கள். ஆனைமலையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். மலைபடுகடாம் பாடிய நன்னனோ செங்கண்மாவைச் சேர்ந்தவன், இன்றைய செங்கம் பக்கம். நன்னன் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். ஒரே பெயரில் ரெண்டு வேரியபிள் இருக்கிற புரோகிராமில் என்ன நடக்கும் என்று என் தொழில்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

அப்படியானால் மாசாணி கதை ஒரு கட்டுக்கதையா? இந்த இடத்தில்தான் 'உண்மை–பொய்' என்று ரெண்டே பெட்டி வைத்துக்கொள்கிற பழக்கத்தை விட வேண்டும் என்று நினைக்கிறேன். பாட்டிலிருந்து கோயிலுக்குக் கோடு இழுக்க ஆதாரம் இல்லை. குறுந்தொகையே 1915-இல்தான் அச்சில் வந்தது, உ.வே.சா. உரையோடு 1937-இல். அச்சில் வந்த பாட்டைப் படித்தவர்கள் ஏற்கெனவே இருந்த அம்மன் கதையோடு நன்னன் பெயரைச் சேர்த்திருக்கலாம். அல்லது பழியும் மாங்காயும் சேர்ந்த ஒரு கதை இந்த மலைத்தொடரின் ரெண்டு பக்கமும் வெகுநாள் புழங்கி, ஒரு கிளை பரணரிடமும் ஒரு கிளை ஆழியாற்றங்கரையிலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். ரெண்டில் எதுவானாலும், மக்கள் எந்தக் கதையைத் தங்கள் அம்மனுக்குப் பொருத்தமானது என்று தேர்ந்தெடுத்தார்கள் என்பது கெட்டியான உண்மை. கொலையுண்ட பெண்ணின் கதையை.

பாட்டில் அவள் எங்கே இருக்கிறாள்

அந்தப் பாட்டைப் பாட்டாகவும் கொஞ்சம் படிக்க வேண்டும். 'சங்க இலக்கியத்திலேயே மாசாணி இருக்கிறாள்' என்று பகிர்கிறவர்கள், அவள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று சொல்வதில்லை.

292 கொலையைப் பற்றிய பாட்டே அல்ல. அது காதல் பாட்டு. தலைவியின் தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் ஓர் இளைஞன் சிரித்த முகத்தோடு விருந்தாளியாக வந்தான், அன்றிலிருந்து அவள், பகைவர் சூழ்ந்த ஊரைப் போல, தூங்குவதே இல்லை. காதலர் சந்திக்க முடியவில்லை. அந்த எரிச்சலில் தோழி தாயைச் சபிக்கிறாள்: பெண்கொலை செய்த நன்னனைப் போல இவளும் மீள முடியாத நரகத்துக்குப் போகட்டும். எட்டு வரிப் பாட்டில் பாதிக்கு மேல் நன்னன் கதை, மீதி தாயின் தூக்கமின்மை.

வரலாற்றுச் செய்தியைக் காதல் பாட்டுக்குள் உவமையாக வைப்பது பரணரின் கைவண்ணம். இந்த உவமை எடையில் கொஞ்சம் அதிகம் என்று படிக்கிற யாருக்கும் தோன்றும். மகளைக் காவல் காக்கிற ஒரு தாய் எங்கே, மாங்காய்க்காகக் கொன்றவன் எங்கே! அந்தப் பொருத்தமின்மைதான் தோழியின் கோபத்துக்கு அளவு, அதுதான் பாட்டின் குறும்பும் என்று ரசிக்கலாம். நானும் ரசிக்கிறேன். அதே சமயம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கொன்றவனுக்குப் பெயர் இருக்கிறது. யானைக்கு எண்ணிக்கை இருக்கிறது. பொன்னுக்கு எடை இருக்கிறது. செத்தவளுக்கு நெற்றியழகு மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. அவள் எங்கே புதைக்கப்பட்டாள், அவளுக்கு அம்மா இருந்தாளா என்பதெல்லாம் பாட்டுக்கு வேண்டியதில்லை. நன்னன் நரகத்துக்குப் போனான் என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது.

கோயில் கதை இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. அங்கே நன்னன் ஒரு வரி. அவள்தான் 17 அடி.

தை மாத மயான பூஜையில் ஆற்றங்கரை மயானத்தில் மண்ணால் அம்மன் உருவம் கிடத்தி நள்ளிரவில் பூஜை நடக்கிறது. முடிந்ததும் அந்த உருவத்தைச் சிதைத்துப் பிடிமண் எடுக்கிறார்கள். பிறகு குண்டம். இந்த மண் உருவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரணர் சொன்ன பொன் பாவை ஞாபகம் வருகிறது. அவள் எடைக்குச் செய்த பொன் பாவை அரசனிடம் செல்லவில்லை. மயானத்து மண்ணில் செய்த பாவை ஊரிடம் செல்கிறது. இது வரலாற்றுத் தொடர்புக்கான சான்று என்று நான் சொல்லவில்லை. மேலே அத்தனை கண்ணிகளைக் கழற்றிவிட்டு அப்படிச் சொன்னால் அடுக்காது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றுக்கு வெளிச்சம் காட்டுகிறது என்கிறேன், அவ்வளவே. ஓர் உயிருக்கு ஈடாக எதைக் கொடுக்க முடியும் என்ற கேள்வி ரெண்டிலும் இருக்கிறது.

மிளகாய்

அம்மனின் பெயருக்கு 'மயான சயனி' என்பது திரிந்து மாசாணி ஆயிற்று என்று விளக்கம் சொல்வார்கள். மசானம் என்ற சொல்லே சுடுகாட்டைக் குறிக்கத் தமிழில் இருக்கும்போது, சயனியை எதற்கு இழுக்க வேண்டும்? மசானத்துக்காரி, மாசாணி. இவ்வளவு போதும் என்பது என் கருத்து. இதில் எனக்கு இலக்கணச் சண்டையை விடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. சயனி என்றால் பள்ளி கொண்டவள். கொன்று கிடத்தப்பட்டவளைப் பள்ளி கொண்டவளாக மாற்றும்போது கொலை காணாமல் போகிறது. ராமன் தாடகையை வதம் செய்யப் போகும் வழியில் மயான மண்ணில் உருவம் செய்து வணங்கிய இடம் என்று ஒரு தலபுராணமும் சொல்கிறார்கள். அந்தக் கதையில் மாங்காய்க்கும் இடமில்லை, நன்னனுக்கும் இடமில்லை, குற்றம் என்ற பேச்சே இல்லை. 'தமிழ் ஹாலோவீன்' என்ற பெயரும் வேறு பக்கத்திலிருந்து இதே வேலையைத்தான் செய்கிறது. ஒருவர் அவளைத் தூங்க வைக்கிறார், இன்னொருவர் அவளை முகமூடியாக்குகிறார்.

அவளைத் தூங்க விடாதவர்கள் அங்கே மிளகாய் அரைக்கிறவர்கள். பொருள் திருட்டுப் போனவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், அநியாயமாகப் பழி சுமந்தவர்கள் அந்தக் கோயிலில் ஆட்டுக்கல்லில் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். கல்லுக்கு எரியும், அவளுக்கு எரியும், எரிச்சல் தாங்காமல் நியாயம் செய்வாள் என்பது நம்பிக்கை. எங்கள் அம்மாயி வீட்டுப் பக்கம் இது ஒரு சாதாரண மிரட்டல். வரப்புத் தகராறோ, காணாமல் போன கோழியோ, பேச்சு முற்றினால் யாராவது சொல்லிவிடுவார்கள்: "நீயி வேணும்னா ஸ்டேசனுக்குப் போ. நானு ஆனமலைக்குப் போயி மொளகா அரைச்சுப்போட்டு வந்தர்றேன்." அதற்குப் பிறகு கோழி திரும்பி வந்த சம்பவங்கள் உண்டு.

சின்ன வயதில் அம்மாயியிடம் கேட்டிருக்கிறேன். "ஏனுங்க அம்மாயி, சாமிக்கு எரியாதுங்களா?"

"எரியோணும்னுதானே கண்ணு பூசறது. அவளுக்கு ஒருக்கா எரிஞ்சிருக்குது. அதனாலதான் நம்மளுது தெரியும்."

இந்தப் பதிலில் ஒரு தத்துவத்தைத் தேடி ஏற்றி வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதில் ஒரு நடைமுறைத் தர்க்கம் இருக்கிறது. அரசனிடம் நியாயம் கிடைக்காமல் செத்தவளிடம், அதிகாரிகளிடம் நியாயம் கிடைக்காதவர்கள் மனு கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்கிறவர்களில் பெண்கள் அதிகம். அவர்களுக்கு வேறு எங்கும் மனு எடுபடவில்லை என்பது அந்த வரிசையின் நீளத்திலேயே தெரிகிறது. மிளகாயால் திருடன் பிடிபடுகிறானா என்று கேட்டால், என் பதில் 'அக்கம்பக்கத்துப் பயத்தால் சிலநேரம் பிடிபடுகிறான்' என்பதுதான். அநியாயமான பழியும் அதே வழியில் ஒருவர்மேல் விழலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதிக்கல் நீதிமன்றத்துக்கு மாற்று ஆகாது. அந்தக் கல் இன்னும் காயாமல் இருப்பது நீதிமன்றத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

ஒப்பிடவே கூடாதா?

கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பீடு இல்லாமல் ஆராய்ச்சி இல்லை. ஹாலோவீனோடு ஒப்பிட்டதால்தான் எனக்கே இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. என் குறையெல்லாம் 'இதுதான் அது' என்று சமன்பாடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற ஒப்பீட்டின் மேல். ஒப்பீடு என்றால் ஒற்றுமை எங்கே முடிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழமைப் போட்டிக்காக ஒப்பிட ஆரம்பித்தால் ரெண்டு பக்கமும் ஊகம்தான் மிஞ்சும். 1886-இல் ரீஸ் சொன்னதை நாம் நம்புவோம், நாம் சொல்வதை 2086-இல் யாராவது நம்புவார்கள்.

அபார்ட்மெண்ட் பிள்ளைகள் அக்டோபர் 31 அன்று முகமூடி போட்டுக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருட்டை விளையாட்டாகப் பழகுவது நல்ல விஷயம், எந்த ஊரில் தொடங்கினாலும். ஆனால் 'நம்ம ஊர்ல இந்த மாதிரி என்ன இருக்கு?' என்று அந்தப் பிள்ளை கேட்டால், எலும்பு கவ்வும் படத்தைக் காட்டி 'நம்ம ஹாலோவீன்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆற்றில் மிதந்து வந்த ஒரு மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றார்கள் என்று ஒரு கதை இருக்கிறது, எண்பத்தொரு யானை கொடுத்தும் விடவில்லை என்று ஒரு பழைய பாட்டு சொல்கிறது, அவளை மறக்க மாட்டோம் என்று ஓர் ஊர் வருஷா வருஷம் மண்ணில் அவளைச் செய்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளை அடுத்துக் கேட்கப்போகிற கேள்வி 'ஏன் கொன்னாங்க?' என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆனைமலைக்கு வெளியே, உங்கள் ஊர்க் கோயில்களில் மிளகாய் அரைக்கிற வழக்கமோ, தின்ற பண்டத்துக்காகக் கொலையுண்ட பெண்ணின் கதையோ இருந்தால் எழுதுங்கள். நன்னன் பெயர் இல்லாத கதையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கதை மலைத்தொடரில் எங்கெங்கே புழங்குகிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன்.